நான்காவது கோரிக்கை

மதிப்பிற்குரிய பொதுச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் கடித எண் போட்டு, முத்திரை குத்தி எழுதியிருப்பதால் நானும் இப்படித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. பதினொரு வருடமாக ‘அன்புள்ள’ என்று எழுதிப் பழகிய கைக்கு இது கொஞ்சம் வராமல்தான் அடம்பிடிக்கிறது. பழகிவிடும்.

உங்கள் கடிதம் நேற்று மதியம் அச்சகத்துக்கு வந்தது. இரண்டு பக்கம் முழுக்கத் திட்டு. துண்டறிக்கையின் நான்காவது கோரிக்கையில், ‘மூன்று ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய தற்காலிகத் தொழிலாளர்களை நிரந்தரமாக்கு’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘பதினொரு ஆண்டுகளுக்கு மேல்’ என்று அச்சாகிவிட்டது. பேச்சுவார்த்தை மேசையில் நிர்வாகத்து ஆள் அதை விரித்துவைத்து, “நீங்க கேட்டதத்தானே தர்றோம், கையெழுத்துப் போடுங்க” என்று சிரித்தாராம். பேட்டரித் தொழிற்சாலையின் அறுநூற்றுப் பன்னிரண்டு தற்காலிகத் தொழிலாளர்களில் பதினொரு வருடம் முடித்தவர்கள் நான்கே பேர். பத்திரிகைக்காரர்கள் முன்னால் உங்கள் மானம் கப்பலேறிவிட்டது. கடைசியில், ‘பதினைந்து வருடமாகப் பிழை திருத்துகிறவளுக்கு இவ்வளவுதானா பொறுப்பு? உன் அர்ப்பணிப்பு எங்கே போயிற்று?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, இடம் மிச்சமிருந்ததால் போலிருக்கிறது, ‘அம்மாவை விசாரித்ததாகச் சொல்’ என்று ஒரு வரி.

பிழை என்னுடையதுதான். அதில் மறுபேச்சு இல்லை. இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் ஐயாயிரம் ஒட்டுச்சீட்டுகள் இருக்கின்றன. ‘மூன்று ஆண்டுகளுக்கு மேல்’ என்று அச்சடித்து, அளவாக வெட்டி, நூறு நூறாகக் கட்டி வைத்திருக்கிறேன். அங்கே போராட்டப் பந்தலில் சும்மா உட்கார்ந்திருக்கும் தோழர்களிடம் கொடுத்தால் அரை நாளில் ஒட்டிவிடுவார்கள். பசை கொஞ்சமாகத் தடவச் சொல்லுங்கள், அதிகமானால் தாள் சுருங்கும். தவறு அச்சகத்துடையது, சங்கத்துடையது அல்ல என்று எங்கள் அச்சக முதலாளி கையெழுத்திட்ட கடிதமும், நீங்கள் உங்கள் கையால் ‘மூன்று’ என்று எழுதிக் கொடுத்த மூலப்பிரதியும் உள்ளே இருக்கின்றன. அவற்றை மேசையில் வைத்தால் அந்த ஆளின் சிரிப்பு நின்றுவிடும். இங்கே ஆலை வாசலுக்கும் நானே போனேன். ஷிப்டு விடும் நேரத்தில் நின்று, வந்தவர்களிடமெல்லாம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஒருத்தர் திட்டினார். ஒரு பெண் டீ வாங்கிக் கொடுத்தாள். தவறு செய்தால் திருத்த வேண்டும் என்பது எங்கள் வேலையில் வழக்கம்.

இனி, அந்தப் ‘பதினொன்று’ எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

நீங்கள் பேச்சுவார்த்தைக்காகத் தலைநகருக்குப் புறப்பட்டுப் போன ஏழாம் நாள் காலையில் அத்தை உங்கள் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கீழ்வீட்டுத் தையல்காரர்தான் அச்சகத்துக்கு போன் செய்தார். இரண்டு மாடி, லிப்ட் கிடையாது. நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அன்று சாயங்காலம் போனில் சொன்னேன். சொல்லாத ஒன்று இருக்கிறது.

வலிக்குப் போட்ட ஊசியில் அத்தை அரை மயக்கத்தில் இருந்ததால் சம்மதப் படிவத்தில் உறவினர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். கவுன்டரில் இருந்த குமாஸ்தா, “நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். மகனுக்கு நிச்சயித்த பெண் என்றேன். கல்யாணம் எப்போது என்று கேட்டார். தெரியாது என்றேன். நிச்சயம் எப்போது ஆனது என்று கேட்டார். பதினொரு வருடம் ஆகிறது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் தேவலை. “ரத்த சொந்தமோ கல்யாண சொந்தமோ வேணுங்க. இதுக்கு இதுல கட்டமே இல்லையே” என்றார், பாவப்பட்டு. மேலதிகாரியைக் கேட்கச் சொன்னார். அவரும் எத்தனை வருடம் என்று கேட்டார். தலைமை நர்ஸ் கேட்டார். மயக்க மருந்து டாக்டர் கேட்டார். நான்கு பேரிடம் நான்கு முறை ‘பதினொரு வருஷம்’ என்று சொன்னேன். நான்காவது முறை சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

உங்களுக்கு ஐந்து முறை போன் செய்தேன். எடுத்தது உங்கள் உதவியாளர். “தோழர் மேடையில இருக்காருங்க, இறங்குனதும் சொல்றேன்” என்றார். நீங்கள் மேடையில் என்ன பேசினீர்கள் என்று மறுநாள் பத்திரிகையில் படித்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவனை மனிதனாகவே மதிக்க முடியாது என்று முழங்கியிருக்கிறீர்கள். நிர்வாகத்தைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனதாம்.

அந்த மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அச்சகத்துப் பைண்டிங் அண்ணன் உங்கள் துண்டறிக்கையின் புரூப்பை எடுத்துக்கொண்டு வந்தார். மாலை லாரியில் போயாக வேண்டும், உங்கள் உத்தரவு. நான்காவது கோரிக்கையை அச்சுக் கோக்கும்போது ஒரு வரியை விட்டுவிட்டிருந்தார்கள். மூலப்பிரதி அச்சகத்தில் இருந்தது. எனக்கு அது எதற்கு? ஆறு வருடமாக எல்லாத் துண்டறிக்கையிலும் திருத்திய வரி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓரத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். ‘பதினொரு ஆண்டுகளுக்கு மேல்’ என்று.

இவ்வளவுதான் நடந்தது.

அதன் அடுத்த வரியும் எனக்கு மனப்பாடம். ‘ஒரு மனிதரை ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்து வேலை வாங்கிக்கொண்டு, உரிமை என்று வரும்போது நீ யார் என்று கேட்பது மனித மாண்புக்கே இழுக்கு.’ நல்ல வரி. நீங்கள் எழுதியதிலேயே நல்ல வரி. எத்தனையோ முறை அதில் ஒற்றுப்பிழை பார்த்திருக்கிறேன், பொருளைப் பார்த்ததில்லை. அந்த பெஞ்சில்தான் பார்த்தேன்.

முதல் வருடம் வேலைநிறுத்தம், முடியட்டும் என்றீர்கள். அடுத்து சங்கத் தேர்தல். அடுத்து மாநாடு. பிறகு உங்களை சஸ்பெண்ட் செய்தார்கள், வேலை இல்லாதவன் எப்படிக் கல்யாணம் செய்துகொள்வது என்றீர்கள். மறுபடி வேலையில் சேர்த்தார்கள், இப்போதுதானே சேர்ந்திருக்கிறேன் என்றீர்கள். ஆலை முதலாளி உங்களிடம் பாடம் படிக்கலாம். அந்த மனிதராவது இழுத்தடிப்பதற்கு வக்கீல் வைத்திருக்கிறார். உங்களுக்கு ஆளே தேவைப்படவில்லை. அச்சகத்தில் உங்களுக்கு என்ன பெயர் தெரியுமா? ‘அடுத்த வருஷம்’. “அடுத்த வருஷத்தோட போஸ்டர் வந்திருக்கு, பாரும்மா” என்பார் பைண்டிங் அண்ணன். நான் கோபித்துக்கொள்வேன். உங்களுக்காகப் பரிந்து பேசுவேன். பொது வாழ்க்கை என்றால் அப்படித்தான் என்று அவருக்கே பாடம் எடுப்பேன். இப்போது நினைத்தால் உங்கள் மேல் வருகிற எரிச்சலில் பாதி என் மேலேயே வருகிறது.

இதற்கு நடுவில் எத்தனை தோழர்களுக்குக் கல்யாணம் நடத்திவைத்திருக்கிறீர்கள்! முப்பதுக்குக் குறையாது. இல்லறம் என்பது இருவர் போடும் ஒப்பந்தம், அதில் நாள் தள்ளக் கூடாது என்று வாய் கிழியப் பேசுவீர்கள். நான் இரண்டாம் வரிசையில் உங்கள் மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். ஒருமுறை மேடையிலிருந்து என்னைக் காட்டி, ‘என் போராட்டத்தின் முதுகெலும்பு’ என்றீர்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். ஒரு வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முதுகெலும்பு என்றால் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே கிடக்க வேண்டியது என்று அப்போது தோன்றவில்லை, முட்டாள் எனக்கு.

அன்று சாயங்காலம் ஒருவழியாகப் போனில் வந்தீர்கள். “நீ பாத்துக்க மாட்டியா, உன்னை நம்பித்தானே இருக்கேன்” என்றீர்கள். பின்னால் யாரோ உங்களை அழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வந்துபோய்விட்டன.

மறுநாள் காலையில் வேறு குமாஸ்தா இருந்தார். உறவுமுறை என்ற கட்டத்தில் ‘மருமகள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் தெரிந்தே ஒரு பொய்யை எழுதி அதற்குக் கீழே கையெழுத்திட்டது அதுதான் முதல் தடவை. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் கொடுத்த தாளை அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். உடனிருப்பவர், மருமகள். அந்த இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு, “இத எழுத வேண்டியவன் எழுதல, நீயாச்சும் எழுதுன” என்றார். இன்னொன்றும் சொன்னார். அதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறார், எழுதுகிறேன். “அவன் உன்னை ஏமாத்துறான்னு எனக்கு எப்பவோ தெரியும். சொன்னா நீ போயிடுவ, அப்புறம் எனக்கு யாருன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அவன் மட்டும் இல்ல, நானும் சேர்ந்துதான் உன்னை ஏமாத்துனேன்.” சொல்லிவிட்டு அழவில்லை. தண்ணீர் கேட்டார், குடித்தார். நான்தான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டில் எத்தனையோ மேடைப்பேச்சு கேட்டிருக்கிறேன். ஒருத்தர் தன் தப்பைத் தன் வாயால் ஒத்துக்கொண்டு கேட்டது அன்றைக்குத்தான்.

அத்தையால் இப்போது மாடி ஏற முடியாது. அதனால் என் வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டேன். சின்ன வீடுதான், ஆனால் தரைத்தளம். ஜன்னலோரம் கட்டில் போட்டிருக்கிறேன். வாக்கர் வைத்து வாசல் வரை நடக்கிறார். நேற்று அடுப்படி வரை வந்து, நான் சரியாகவே பாத்திரம் கழுவுவதில்லை என்று குறை சொன்னார். உடம்பு தேறிவிட்டது என்று அப்போதுதான் நம்பினேன். எழுந்து தானாக நடமாடும் வரை என்று இல்லை, இஷ்டப்பட்ட வரை இங்கே இருக்கட்டும். அதை உங்களுக்காகச் செய்யவில்லை. அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவரும் எனக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்: இனிமேல் எதையும் மறைப்பதில்லை என்று.

உங்கள் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தையல்காரரிடம் கொடுத்திருக்கிறேன். சட்டைகள் அலமாரியில் மடித்து இருக்கின்றன. மோதிரம் உங்கள் மேசை இழுப்பறையில், சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. பதினொரு வருடத்தில் விரலில் வெள்ளையாக ஒரு வளையம் விழுந்திருக்கிறது. வெயில் பட்டால் சரியாகிவிடும் என்கிறார் அத்தை.

நான்காவது கோரிக்கையில் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். அந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பேரின் நியாயம் உங்களால் கெட்டுப்போகிற நியாயம் இல்லை. அடுத்த துண்டறிக்கையும் அச்சகத்துக்கே அனுப்புங்கள், பிழையில்லாமல் திருத்தித் தருகிறேன். தொண்டை கட்டியிருக்கும், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருகிற பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். எலும்பு சரியாகக் கூடாவிட்டால் மறுபடி கத்தி வைக்க வேண்டியிருக்குமாம், மறுபடி படிவம் நீட்டுவார்கள். நான் கூட வருவேன், கையைப் பிடித்துக்கொள்வேன், வெளியே காத்திருப்பேன். ஆனால் அந்தக் கட்டத்தில் இனி என்னால் பொய் எழுத முடியாது. அங்கே உண்மையாகவே எழுத ஒரு சொல் இருக்கிற ஆள் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். கூட்டம் இருந்தாலும், மேடை இருந்தாலும், பத்து மணிக்கு வந்து ‘மகன்’ என்று எழுதுங்கள். அத்தை வெளியே சொல்லவில்லை. காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டுவைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
பிழை திருத்துபவர்