பார்த்தாலே தெரியும்

மார்ச் 3

லாண்ட்ரியில் இன்று முழுக்க ஓட்டல் போர்வைகள். தோள் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருந்ததா? வெளியூர் வேலைக்குப் போன தம்பி விட்டுப்போன நீலச் சட்டையை எடுத்துத் தேய்த்தேன். போட ஆளில்லாத சட்டை எப்படித்தான் கசங்குகிறதோ!

மார்ச் 9

ஞாயிறு. தம்பி பேசினான். வழக்கம்போல என் கேள்விதான் முதலில்: "எப்படா வர்ற?"

"லீவு கேட்டேன்க்கா. நான் எழுதின புரோகிராம் எனக்கு மட்டும்தான் புரியுதாம். மத்தவங்களுக்கும் புரியற மாதிரி டாக்குமென்டேஷன், அதான் விளக்கப் பக்கம், இருந்தா போகலாம்னு மேனேஜர் சொல்லிட்டார்."

"அப்போ உக்காந்து எழுது."

"எழுத வேணாம். அதுக்குன்னு டூல் இருக்கு. புரோகிராமைப் படிச்சு அதுவே பக்கம் பக்கமா போட்டுடும். எதை எடுக்கறதுன்னுதான் பார்த்துட்டிருக்கேன்."

அப்படி என்னதான் எழுதுகிறான் என்று மறுபடி கேட்டேன். எல்லாமே ஃபங்ஷனாம். ஒன்றை உள்ளே போட்டால் ஒன்று வெளியே வரும். அதையே எத்தனை தடவை போட்டாலும் அதேதான் வரும், பக்கத்தில் இருக்கிற எதையும் தொடாது.

"எங்க மெஷின் மாதிரின்னு சொல்லு. ஆனா எங்களுதுல சட்டை போனா பட்டன் இல்லாம வரும்."

விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் காலையிலிருந்து ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை அவனிடம் சொல்வேனா?

மார்ச் 16

இரண்டு டூல் பார்த்து வைத்திருக்கிறான். ஒன்று அழகுராணி. எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் பளபளவென்று பக்கம் போட்டுவிடும். இன்னொன்று சிடுமூஞ்சி. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கு மேலேயும் விளக்கமும் ஒரு உதாரணமும் எழுதியிருந்தால்தான் பக்கம் போடும். அந்த உதாரணத்தையும் ஓட்டிப் பார்த்து, தப்பாக இருந்தால் திருப்பியடிக்கும். (பேரெல்லாம் என் உபயம்.)

"எதை எடுத்த?"

"முதல்ல சொன்னதைத்தான். நான்தான் விளக்கமே எழுதினதில்லையே. உள்ளே போறது எண்ணா எழுத்தா, வெளியே வர்றது எண்ணா எழுத்தான்னு மட்டும் ஒவ்வொண்ணுக்கும் மேல போட்டிருக்கேன். பார்த்தாலே தெரியும்க்கா."

அடுத்த மாதம் வந்துவிடுவானாம்! மெத்தையை வெயிலில் போட்டேன்.

மார்ச் 17

மெத்தையைத் திருப்பிப் போட்டேன். என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

மார்ச் 30

வர மாட்டானாம்.

அவன் இடத்தில் உட்காரப் போகிற புதுப் பெண் அந்தப் பக்கங்களைத் திறந்து பார்த்தாளாம். ஃபங்ஷன் பேரெல்லாம் வரிசையாக அழகாக இருக்கிறது, கீழே வெறும் வெள்ளை. எழுதாததை அழகுராணி எங்கிருந்து எடுத்துப் போடுவாள்? எண் உள்ளே போய் எண் வெளியே வருகிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிகிறது. எதற்காக என்றுதான் தெரியவில்லை. பழைய கேள்வி அத்தனையும் மறுபடி இவனிடமே. லீவு போச்சு.

"பார்த்தாலே தெரியணுமேக்கா..." — இன்னமும் அதே பாட்டு.

எனக்கு வந்துச்சு பாரு கோபம். "ஆமாண்டா, உனக்கு எல்லாமே பார்த்தாலே தெரியணும். வேலை கிடைச்சதைக்கூட பெட்டி கட்டினப்புறம்தானே சொன்ன? நீ சாப்பிட்டியா, தூங்கினியா, என்னை நினைச்சியா — எதைப் பார்த்துடா நான் தெரிஞ்சுக்கறது? ஃபோன்ல தெரியறது உன் நெத்தியும் ஃபேனும்தான்!"

வைத்துவிட்டேன். எனக்கென்ன வந்தது? அவனே நொந்துபோய்க் கிடக்கிறான்.

ஏப்ரல் 6

கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே திமிர்.

ஏப்ரல் 13

கூப்பிட்டான்! சிடுமூஞ்சியையே எடுத்துக்கொண்டானாம். தினமும் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபங்ஷனாக விளக்கம் எழுதுகிறான்.

"நானே எழுதின உதாரணத்தைத் தப்புங்குதுக்கா. போய்ப் பார்த்தா நிஜமாவே தப்பு."

"உன்னை அதட்ட ஒண்ணாவது கிடைச்சுதே. பேசாம அதையே கட்டிக்கோ."

சிரித்தான்.

"அக்கா... மத்தியானம் நல்லா சாப்பிட்டேன். ரெண்டு நாளா சளி. தெருமுனையில ஒரு லாண்ட்ரி இருக்கு. அந்த சோப்பு வாசனை வந்தா அங்கேயே நின்னுடறேன்."

கிண்டலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். இஞ்சி தட்டிப் போட்டுக் கஷாயம் குடிடா என்றுதான் வந்தது.

மே 11

லீவு கிடைத்துத் தம்பி வந்துவிட்டான். சாப்பிட்டுக் கூடத்தில் படுத்ததும் அவன் ஃபோன் அடித்தது. ஆபீஸ் புதுப் பெண்தான். "உதாரணத்தோட எழுதியிருக்கேன், பாரும்மா" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அடுத்த நிமிஷம் குறட்டை.

திரும்பப் போகத்தான் போகிறான். அது தெரியாமலா? வாசல்படியிலேயே உட்கார்ந்து அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் போட்டிருக்கிற நீலச் சட்டை கசங்குகிறது. கசங்கட்டும்.