கோட்டுக் கையில் ஒரு வெள்ளைப் புள்ளி

மொரியோகா
21 ஜனவரி 1968

அன்புள்ள சுகவாரா இசோ அவர்களுக்கு,

பெருங்குளிர் வந்துவிட்டது. இன்று காலை என் மருத்துவமனையில் வாய் கொப்பளிக்க வைத்திருந்த தண்ணீரே உறைந்து கிடந்தது. முதல் நோயாளி அதைப் பார்த்துவிட்டு, "டாக்டர், என் பல்லு வசந்தம் வரைக்கும் தாங்கும்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு சின்னக் குறை. இந்த வருடம் உங்கள் புத்தாண்டு அட்டை வரவில்லை. "நீங்க அவங்க எடுத்த முள்ளங்கிப் படத்தை விமர்சனம்னு போட்டுக் கிழிச்சீங்களே, இசோ அம்மா கோவிச்சுக்கிட்டாங்க" என்கிறாள் என் மனைவி ஃபுசா. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

நம் படங்களோடு வீடு வீடாகப் போகும் நமது புகைப்பட வட்டத்தின் சுற்றுப் பொட்டலம் நேற்று வந்தது. ஒன்பது பேரில் வரிசைப்படி உங்களுக்கு அடுத்தவன் நான். அதனால் உங்கள் புதுப் படத்தை முதலில் பார்ப்பது எப்போதும் நான்தான். கறுப்புக் கம்பளிக் கோட்டின் கைப்பகுதி, இரண்டு பொத்தான்கள், பக்கத்து ஜன்னல் வெளிச்சம். நூலின் ஏற்ற இறக்கம் நன்றாக வந்திருக்கிறது. இன்னும் கிட்டப் போயிருக்கலாம். ஆனால் மடிப்புக்கு மேலே, நட்ட நடுவில், பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி! இசோ அவர்களே, நெகட்டிவைத் துடைத்துவிட்டுப் பிரிண்ட் போடுங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது? பல்லில் காரையோடு கல்யாணத்துக்குப் போவீர்களா?

மற்றவர்கள் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்று நானே சரிசெய்துவிட்டேன். என் தகப்பனார் வைத்துவிட்டுப் போன நல்ல மைக்கட்டியை உரைத்து, மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டு அடைத்தேன். இப்போது அந்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. படத்தின் பின்னால் வைக்கும் விமர்சனத் தாளில், வட்டத்தின் பொறுப்பாளன் என்ற முறையில், "தூசியைக் கவனிக்கவும். பொறுப்பாளர் நீக்கியுள்ளார்" என்று வழக்கம்போல் எழுதியிருக்கிறேன். பொட்டலம் ஹச்சிநோஹேவுக்கு, நரித்தா வாத்தியாரிடம் போய்விட்டது.

உங்கள் கணவர் எய்கிச்சி அவர்களுக்கு ரயில் பாதையில் இந்தப் பனியைத் தள்ளித் தள்ளி இடுப்பு ஒடிந்திருக்கும். நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
குரொய்வா தெய்ஜி


யொகோதே
24 மார்ச் 1968

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு,

கூரைப் பனி உருகிச் சொட்டத் தொடங்கியிருக்கிறது. நீங்களும் ஃபுசா அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும்.

பொட்டலம் சுற்றி முடித்துத் திரும்பி வந்தது. என் படத்தின் பின்தாளில் எல்லோரும் எழுதியிருந்ததைப் படித்தேன். "சுத்தமான வேலை. ஆனால் பார்க்க ஒன்றும் இல்லை" என்று நரித்தா வாத்தியார் எழுதியிருக்கிறார். "இந்தத் துணியை எதற்காக எடுத்தார்?" என்று அகிதாக்காரர். அவருக்குக் கீழே ஒருவர், "டாக்டர் சரிசெய்தும் இவ்வளவுதானா?" என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று வரைந்திருக்கிறார். அவர்கள் எழுதியதில் தப்பில்லை. இப்போது அந்தப் படத்தில் பார்க்க ஒன்றும் இல்லைதான்.

எல்லோர் நேரத்தையும் வீணாக்கிவிட்டேன். படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா உள்ளே வந்தார்கள். தாளைச் சட்டென்று இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். இந்த வயதில் மதிப்பெண் தாளை ஒளித்துவைக்கிற பிள்ளை போல.

வீட்டில் வேலை கூடிவிட்டது. அதனால் வட்டத்திலிருந்து விலகிக்கொள்ள அனுமதி வேண்டும். வழக்கப்படி பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதுப்படம் வைக்க வேண்டும். வைக்கப் புதிது எதுவும் இல்லை. பழையதை எடுக்கவும் கை வரவில்லை. அதைப் பொட்டலத்திலேயே விட்டு அனுப்புகிறேன். நீங்கள் எறிந்துவிடலாம்.

நிலவறையில் இருந்த ஆப்பிள் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். தோல் சுருங்கியிருந்தாலும் உள்ளே இனிப்புதான்.

இசோ


மொரியோகா
2 ஏப்ரல் 1968

அன்புள்ள இசோ அவர்களுக்கு,

ஆப்பிளுக்கு நன்றி. கடிதத்துக்கு நன்றி சொல்ல மாட்டேன்.

வேலை கூடிவிட்டது என்று எழுதினால் நான் நம்பிவிடுவேனா? முப்பது வருடமாக, "வலிக்கவே இல்லை டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலிக் கையைப் பிய்ப்பவர்களைப் பார்த்து வருகிறவன் நான். உங்களுக்கு வலித்திருக்கிறது. ஒரு தூசியைச் சுட்டிக்காட்டியதற்காக விலகுவதென்றால் இந்த வட்டத்தில் ஒருவரும் மிஞ்ச மாட்டோம். ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு தேநீர் குடிக்க வேறு சங்கங்கள் இருக்கின்றன. நாம் பார்க்கக் கற்றுக்கொள்வதற்காகச் சேர்ந்தவர்கள்.

உங்கள் கணவரிடமே கேட்டுப் பாருங்கள். தண்டவாளத்தில் பனி கிடந்தால் அதைப் பார்த்துப் பரிதாபப்படுவாரா, தள்ளுவாரா? போன கோடையில் வட்டத்தின் கூட்டத்துக்கு உங்களைக் கொண்டுவந்து விட்டபோது என்னிடம் என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? "இவளை நல்லாத் திட்டுங்க டாக்டர். வீட்டுல நான் திட்டினா சோத்துல உப்பைக் கொட்டிடறா." அந்த மனிதர் என் பக்கம்தான் பேசுவார்.

விலகல் கடிதத்தை நான் ஏற்கவில்லை.

குரொய்வா தெய்ஜி


யொகோதே
12 ஏப்ரல் 1968

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு,

என் கணவரிடம் கேட்கச் சொல்லியிருந்தீர்கள். அவர் போன நவம்பர் கடைசியில் காலமாகிவிட்டார். துக்க வீடு என்பதால் புத்தாண்டு வாழ்த்து வேண்டாம் என்று டிசம்பரில் எல்லோருக்கும் அட்டை அனுப்பினேன். உங்களுக்கு அனுப்பியது வந்து சேரவில்லை போலும். தபால் எங்கோ தவறியிருக்கும்.

முதல் பெரும்பனி விழுந்த நாள். காலையில் கிளம்பும்போது சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிப் பார்த்து, "என்னடி, கல்லு மாதிரி கனக்குது? ஊருக்கே கட்டிட்டியா?" என்றார். "பனி தள்ளணுமில்ல, முழுசாச் சாப்பிடுங்க" என்றேன். மதியத்துக்குப் பிறகு, ரயில் நிலையத்து ஓய்வறையில் உட்கார்ந்தபடியே மாரடைப்பு. கூட வேலை செய்தவர்கள் கோட்டை மடித்து, சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள். கழுவிய டப்பாவைப் பார்த்ததும் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அவர் சாப்பிட்டாரா, பசியோடு போனாரா?

கேட்டேன். "ருசிச்சுச் சாப்பிட்டாரும்மா" என்றார் ஒருவர். "கடைசிப் பருக்கை வரைக்கும்மா" என்றார் இன்னொருவர். புருஷனை இழந்தவளிடம் வேறு என்ன சொல்வார்கள்? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கோட்டைப் பிரித்தேன். வலது கையில், பொத்தானுக்கு மேலே, காய்ந்துபோன சோற்றுப் பருக்கையில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. காலையில் நான்தான் அந்தக் கோட்டுக்குப் பிரஷ் போட்டு அனுப்பினேன். அப்போது அது இல்லை.

ஆணியில் மாட்டி, ஜன்னலைத் திறந்து படம் எடுத்தேன். இன்னும் கிட்டப் போக என்னிடம் இருக்கிற லென்ஸ் விடவில்லை. கறுப்புக்கு வெளிச்சம் அளந்ததால் பருக்கை உருவம் தெரியாமல் வெறும் வெள்ளையாகிவிட்டது. அது என் பிழை. படத்தோடு தலைப்போ விளக்கமோ வைக்கக் கூடாது, படமே பேச வேண்டும் என்பது நீங்கள் போட்ட விதி. பேசும் என்று நினைத்தேன். ஒருவராவது, "இது என்ன, சோறா?" என்று எழுதினால் போதும் என்றிருந்தது. அவர் சாப்பிட்டதை என்னைத் தவிர இன்னொருவர் பார்த்ததாக ஆகிவிடும் அல்லவா?

நெகட்டிவ் பத்திரமாக இருக்கிறது. கவலைப்பட வேண்டாம். நீங்கள் எனக்கு அவமானம் வரக் கூடாதென்று செய்தீர்கள். டப்பாவைக் கழுவியவர்களும் அப்படித்தான் செய்தார்கள். உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. இருக்கிறது.

இசோ


மொரியோகா
3 மே 1968

இசோ அவர்களுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

தபால் தவறவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் வீடு முழுக்கத் தேடினேன். படம் கழுவும் இருட்டறையில், மருந்து பாட்டிலுக்கு அடியில் இருந்தது உங்கள் அட்டை. மேசையில் கறை படியாமல் இருக்க நான்தான் எடுத்து வைத்திருக்கிறேன். துக்கத்துக்கென்றே சாம்பல் நிறக் கரை போட்ட அட்டை. கரையைப் பார்த்திருந்தாலே விஷயம் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. பாட்டில் வைத்த இடத்தில் பழுப்பு வளையம் ஒன்று விழுந்திருக்கிறது. வளையத்துக்குள் உங்கள் கணவர் பெயர். அந்த அட்டையை வைத்துக்கொண்டு, அட்டை வரவில்லை என்று உங்களிடம் குறைப்பட்டிருக்கிறேன். அவர் பேச்சை எடுத்து உங்களுக்கே எதிராக வீசியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. இதைவிடப் பெரிய சொல் எனக்குத் தெரியவில்லை.

ஃபுசா உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "சொத்தைப் பல்லைத் தோண்டிட்டுப் போங்களேன். அடுத்தவங்க படத்துல உங்களுக்கு என்ன தூரிகை வேண்டிக்கிடக்கு? அந்தம்மா ஒரு பருக்கையக் காட்டினா, பெரிய மனுஷன் அதையும் தொடச்சிட்டு, தொடச்சேன்னு எழுதியும் வச்சிருக்கீங்க" என்றாள். அன்றிரவு சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். கிண்ணத்தில் ஒரு பருக்கைகூட விடாமல் தின்றேன். அதுவும் நடிப்பு மாதிரித்தான் இருந்தது.

நீங்கள் பொட்டலத்தில் விட்டுவிட்ட படத்தைத் தண்ணீரில் ஊறப் போட்டேன். மட்டமான மையாக இருந்திருந்தால் கரைந்துபோயிருக்கும். என் தகப்பனாரின் மைக்கட்டி உசத்தியானது. பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்ததில் பருக்கை பாதி திரும்பி வந்தது. மீதி சாம்பலாக நிற்கிறது. இதற்கு மேல் தொட்டால் தாளே உரிந்துவிடும். அப்படியே அனுப்புகிறேன். பின்தாளில் நான் எழுதியதை அடித்துவிட்டு, "பொறுப்பாளர் பார்க்கத் தவறினார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்கள் அனுமதித்தால் எல்லோருக்கும் விளக்கி எழுதுகிறேன். வேண்டாமென்றால் வேண்டாம்.

இத்துடன் நான் எடுத்த படம் ஒன்றும் இருக்கிறது. அந்த அட்டையை, வளையத்தோடு, என் லென்ஸ் போகும் தூரம் வரை கிட்டப் போய் எடுத்தேன். மன்னிப்பை இதைவிட நன்றாகக் கேட்க எனக்கு வராது. தயவுசெய்து விமர்சனம் எழுதுங்கள். தயவு பார்க்க வேண்டாம்.

எய்கிச்சி அவர்கள் சாப்பிட்டிருக்கிறார். பஞ்சை ஒற்றும்போது நானும் பார்த்தேன்.

குரொய்வா தெய்ஜி


யொகோதே
26 மே 1968

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு,

இங்கே ஆப்பிள் பூத்து முடிந்துவிட்டது. நாற்று நடுகிறார்கள். தவளைச் சத்தத்தில் வானொலி கேட்க முடியவில்லை.

படம் வந்து சேர்ந்தது. பாதிப் பருக்கையைப் பார்த்தேன். உங்கள் கடைசி வரியையும் பார்த்தேன். அன்று சமைக்கவில்லை. மறுநாள் சமைத்தேன். மற்றவர்களுக்கு ஒன்றும் விளக்க வேண்டாம். நரித்தா வாத்தியார் ஆளுக்கொரு அனுதாபக் கடிதம் எழுத வைத்துவிடுவார்.

வட்டத்தில் இருக்கிறேன். ஆனால் வரிசையை மாற்றித் தர வேண்டும். என்னை உங்களுக்கு அடுத்ததாகப் போடுங்கள். என் படம் எல்லோரிடமும் போய்விட்டுக் கடைசியாக உங்களிடம் வரட்டும். ஃபுசா அக்கா தூரிகையை எங்கே ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

தயவு பார்க்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். பார்க்கவில்லை.

உங்கள் படம்: கிட்டப் போயிருக்கிறீர்கள். கறையின் விளிம்பு கூர்மையாக, ஒவ்வொரு இழையும் தெரிய விழுந்திருக்கிறது. அவர் பெயர் மங்கலாக இருக்கிறது. இந்த முறையும் நீங்கள் கறையைத்தான் பார்த்திருக்கிறீர்கள். பெயரில் குவித்து மறுபடி எடுக்கவும்.

மேல் இடது மூலையில் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. தூசியா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நான் தொடவில்லை.

சுகவாரா இசோ