வழிவிடும் முன்விசை

மலையடிவார வயலில் வெடி முழக்கிவிட்டு, மறுநாள் அதே விரல்களால் ஆலயத்தில் ஆர்மோனியம் இசைத்த என் அருமை அக்கா,

சங்கரன்கோவிலிலிருந்து உன் தம்பி எழுதுகிறேன். ஊரறியவே எழுதுகிறேன்; உனக்கும் எனக்கும் இடையே ஊருக்குத் தெரியாத செய்தி என்று எது இருந்தது? நம் தெருவில் விசைத்தறிகள் வழக்கம்போல் இரைகின்றன. அந்த இரைச்சலை வெல்ல முயன்றுதான் எனக்கு இந்தத் தொண்டை வாய்த்தது என்று கேலி பேசுவாய். கேலி பேச நீ இல்லாத வீட்டில் அந்தத் தொண்டை இப்போது அடங்கிக் கிடக்கிறது.

உன் துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'துமுக்கி' என்று தூய தமிழில் எழுதத்தான் கை துடிக்கிறது. ஆனால், "ஏலே, துப்பாக்கின்னு சொன்னாலே பன்னி நின்னு வேடிக்கை பாக்குது. துமுக்கின்னு சொன்னா ஓடிருமாக்கும்?" என்று நீ கேட்ட பிறகு, உன் முன்னே நான் அந்தச் சொல்லை எடுத்ததே இல்லை. இன்றும் எடுக்கவில்லை.

தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கிகளெல்லாம் காவல் நிலையத்துக்குப் போய்விட வேண்டும்; கட்சிப் பேச்சாளனான எனக்கோ அன்றுதான் ஊர் ஊராக மேடை தொடங்கும். இம்முறையும் நீ அதைப் பழைய சேலையில் சுற்றி எடுத்துப்போய் ஒப்படைத்துவிட்டு வந்தாய். வாக்குகள் எண்ணப்படும் முன்பே உன் நெஞ்சு துடிப்பதை நிறுத்திவிட்டது. உன்னை அத்தானின் அருகே அடக்கம் செய்தோம். துப்பாக்கி மட்டும் நிலையத்தின் அறையில், எடுக்க வராத உனக்காகக் காத்துக் கிடந்தது.

அதன் முன்விசை உனக்கு நினைவிருக்கிறதா? உன்னிடம் கேட்கிற கேள்வியா இது! இதைப் படிப்போர் அறியட்டும் என்று சொல்கிறேன். இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு விசைகள். முன்விசையை இழுத்தால் ஒரு குழல் வெடிக்கும், பின்விசையை இழுத்தால் மற்றது. பின்விசையை இழுக்க விரலை உள்ளே கொண்டுபோனால், முன்விசை விரலுக்கு முன்னே குறுக்கே நிற்கும். வெடித்ததும் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். அந்த உதைப்பில் முன்விசையின் முதுகு விரலை நகத்தோரம் அறையும். உன் துப்பாக்கியைச் செய்தவன் எந்த நாட்டானோ, விரலின் நோவு அறிந்தவன். முன்விசை உடலோடு சேரும் இடத்தில் சிறு கீல் ஒன்று வைத்தான். விரல் முட்டினால் அது முன்பக்கம் மடங்கிக் கொடுக்கும். உள்ளிருக்கும் வில் மீண்டும் அதை இருந்த இடத்தில் நிறுத்தும்.

மக்காச்சோளக் காட்டில் முதல் வெடிக்குப் பன்றிகள் தலை தூக்கிப் பார்க்கும். இரண்டாவது வெடிக்குத்தான் ஓடும். வானத்தை நோக்கித்தான் சுடுவாய். ஓர் உயிரையும் நீ வீழ்த்தியதில்லை. ஆனால் இரண்டாவது வெடி இல்லாமல் ஒரு கதிரும் வீடு வந்ததில்லை.

அத்தான் செய்த வேலையை எண்ணினால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முன்விசை லொடலொடவென்று ஆடுகிறதே, மனைவிக்குத் தெரியாமல் சரிசெய்து மகிழ்விப்போம் என்று, ஏர்க்கலப்பைக்கு வெல்டிங் செய்யும் பட்டறையில் கொடுத்து அந்தக் கீலை இறுகப் பற்றவைத்துவிட்டார்! சனிக்கிழமை மாலை நீ இரண்டு குழலாலும் சுட்டாய். ஞாயிறு காலை உன் ஆள்காட்டி விரல் முருங்கைக்காய்போல் வீங்கியிருந்தது. எஞ்சிய விரல்களால் நீ ஆர்மோனியம் இசைக்க, பாட்டு ஒரு பக்கமும் சபை ஒரு பக்கமும் போயின. ஆலய வாசலில் அத்தானைப் பிடித்துக்கொண்டாய்.

"ஆடாம நிக்கட்டுமேன்னுதான் செஞ்சேன்" என்றார் அவர்.

"ஆடுதது அதுக்குத் தொழிலு. நீங்க ஆடாம இருந்தாப் போதும்" என்றாய் நீ. போதகர் சிரிப்பை அடக்க முடியாமல் வானத்தைப் பார்த்தார். பிறகு நெல்லையில் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் எடுத்துப்போய், பற்றவைத்ததை அராவி நீக்கி, புது வில் போட்டு வாங்கி வந்தீர்கள். எவ்வளவு அழகாகச் சண்டை போட்டீர்கள் நீங்கள் இருவரும்!

இனி இன்றைய செய்தி. உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி உன் மகள் எஸ்தர் விண்ணப்பித்தாள். துப்பாக்கி இல்லாத மாதங்களில் பன்றிகள் சோளத்தில் பாதியை உழுதுபோட்டுவிட்டன. "துப்பாக்கி கைக்கு வந்தா விதைக்கேன் மாமா. வராட்டா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டுத் திருப்பூருக்குப் போறேன்" என்றாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. பயணப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருந்தாள்.

ஆய்வுக்கு அழைத்தார்கள். நானும் உடன் போனேன். தலைமைக் காவலர், நம் வழக்கப்படி ஏட்டையா, துப்பாக்கியைத் திறந்து குழல்கள் வெறுமை என்று உறுதி செய்துகொண்டு, முன்விசையைத் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, லொடலொடன்னு ஆடுது? பழுதுன்னுதான் எழுதணும். பழுதுன்னு எழுதுனா உரிமம் மாறாது; உடைக்க அனுப்பிருவாங்க. பேசாம அத இறுக்கிப் பத்தவச்சுக் கொண்டாங்க. கையெழுத்துப் போட்டுருதேன்."

அக்கா, எனக்கு அது நல்ல வழியாகவே பட்டது. முதலில் உரிமம், பிறகு அராவிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். "ஏட்டி எஸ்தர், பத்தவச்சிருவோமா?" என்று மெல்லக் கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை உன்னுடையது. "அம்மா வெரலு வீங்குன கதையச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவியளே மாமா, அது சிரிக்கதுக்கு மட்டுந்தானா? வில்லு போட்ட இடத்துல மறுபடி சூடு வச்சா பிறகு ஒருத்தனும் சரிபண்ண முடியாதுன்னு நெல்லையில அன்னைக்கே சொல்லிருக்காங்க. பழுதில்லாததப் பழுதாக்கிக் குடுத்துட்டு நல்லதுன்னு எழுதி வாங்கவா?"

நான் எழுந்தேன். குரலை உயர்த்தினேன். "பெருமதிப்பிற்குரிய காவல்துறை நண்பரே! கருவியின் நெகிழ்வைக் குறையென்று..." என்று தொடங்கியதுதான் தாமதம். "ஐயா, தேர்தல் முடிஞ்சிட்டு. உக்காருங்க" என்றார் ஏட்டையா. உட்கார்ந்தேன்.

பக்கத்து நாற்காலியில் குருவிகுளத்துப் பெரியவர் ஒருவர், ஒப்படைத்த தம் துப்பாக்கியைத் திரும்பப் பெற வந்து, பொழுதுபோகாமல் எங்கள் வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடையதும் இரட்டைக்குழல்தான், கீல் இல்லாதது. எஸ்தர் அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, உங்க வெரலக் கொஞ்சம் காட்டுங்களேன்."

"எதுக்கும்மா, மோதிரம் போடப்போறியா?" என்று கேட்டுக்கொண்டே அவர் ஆள்காட்டி விரலை நீட்டினார். நகத்தோரத்தில் தோல் கருத்துக் கொட்டைபோல் தடித்திருந்தது. நகமே கோணி வளர்ந்திருந்தது. "பின்னால உள்ளத இழுத்தா முன்னால உள்ளது குடுக்க அடி. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. பரம்பரைச் சொத்து!" என்றார்.

எஸ்தர் இரண்டு துப்பாக்கிகளையும் மேசையில் அருகருகே வைக்கச் சொன்னாள். "ஏட்டையா, பின்விசையில வெரல வச்சு முன்னால தள்ளுங்க. அண்ணாச்சியோடதுல முதல்ல." அவர் தள்ளினார், இரும்பு அசையவில்லை. "இப்போ எங்க அம்மாவோடதுல." முன்விசை மடங்கிக் கொடுத்தது; விரலை எடுத்ததும் நிமிர்ந்து நின்றது. "இனிமே பக்கவாட்டுல அசைச்சுப் பாருங்க. அசையாது. பின்னால இழுங்க, மடங்காது. பழுதா இருந்தா எல்லாப் பக்கமும்லா ஆடணும்? திரும்பி வந்து நிக்காதுல்லா?"

ஏட்டையா மறுபடி தள்ளினார். மறுபடியும் தள்ளினார். குழந்தை கையில் கிலுகிலுப்பை கிடைத்ததுபோல் ஆகிவிட்டது.

"அட, வழி விடுதே!" என்றார்.

"வே ஏட்டையா, நல்லா ஆட்டிப் பாத்தாச்சுல்லா? அந்தப் பிள்ளைக்கு எழுதிக் குடும். அப்படியே என்னோடதப் பழுதுன்னு எழுதிரும், வீட்டுல காட்டி இதே மாதிரி ஒண்ணு கேக்கேன்" என்றார் பெரியவர். நிலையமே சிரித்தது.

ஏட்டையா எழுதுகோலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயா, இதுக்குத் தமிழ்ல என்ன பேரு போட?"

"கீல்விசை" என்றேன்.

"மாமா, ஒத்தச் சொல்லோட நிறுத்திட்டிய! உடம்புக்கு முடியலையா?" என்றாள் உன் மகள்.

'முன்விசை கீல்விசை, பழுதில்லை' என்று எழுதி ஏட்டையா கையெழுத்திட்டார். சில வாரங்களில் உரிமம் எஸ்தர் பெயருக்கு வந்தது. பெட்டி மறுபடி பரண்மேல் ஏறிவிட்டது. விதைத்துவிட்டாள், அக்கா. இப்போது சோளம் முழங்கால் உயரம். மலைப்பக்கம் வெயில் இறங்கும் நேரத்தில் நான் வரப்பில் நின்றிருந்தபோது முதல் முறையாக இரண்டு குழலாலும் சுட்டாள். பிறகு விரலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. நீ எங்கேயாவது நின்று பார்த்தாயா? அத்தான் காதைப் பொத்திக்கொண்டாரா?

திரும்பி வரும்போது கேட்டாள்: "அடுத்த தேர்தல் வந்தா இது மறுபடி ஸ்டேஷனுக்குப் போயிருமே மாமா. கதிர் பிடிக்கிற நேரமா இருந்தா என்ன செய்ய? அப்பப் பாத்து நீங்களும் மேடைக்குப் போயிருவிய."

"போகமாட்டேம்ட்டி" என்றேன். அவள் நம்பவில்லை. நடந்துகொண்டே சிரித்தாள்.

ஆகவே உன்னிடம் சொல்கிறேன். அடுத்த அறிவிப்பு வரும் நாளில், யார் அழைத்தாலும், எந்த ஊர் மேடை காத்திருந்தாலும், நான் போகப்போவதில்லை. துப்பாக்கி நிலையத்தில் இருக்கும் நாளெல்லாம் என் குரல் உன் மகளின் வரப்பில் இருக்கும். பன்றிகள் ஓடும்வரை முழங்குவேன். இது மேடையில் தந்த வாக்குறுதி அன்று, அக்கா, இதை நிறைவேற்றுவேன்.

எஸ்தரின் தாய்மாமன்,
உன் தம்பி