கடைசிப் பக்கமும் பன்னிரண்டு வாளித் தண்ணீரும்

மார்ச் 19, செவ்வாய்

எழுதியே தீர வேண்டும், இல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும். நான் கொலை நாவல்களின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவள். அதுவும் வாங்காமல். புத்தகக் கடையில் வாழ்த்து அட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, யாருக்கோ பிறந்தநாள் வருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

பதினொரு ஈஸ்டராக இது நடக்கிறது. ஈஸ்டர் வந்தால் நார்வேயில் ஒருவருக்கும் நல்ல புத்தி இருப்பதில்லை. மலைக் குடிலுக்குப் போய் ஆரஞ்சு உரித்துத் தின்றபடி கொலைக்கதை படிக்கிறோம். பால் வரும் அட்டைப் பெட்டியில்கூட ஒரு குட்டிக் கொலைக்கதை, பிணத்தோடு, அச்சாகி வருகிறது. எங்கள் குடிலில் இது பந்தயம். என் கணவர் ஒட்வாரின் அக்கா ஆஸ்லவ், எனக்கு அண்ணி, ஒரு நாவல் கொண்டுவருவார். ரொட்டிக் கத்தியால் அதை அறுத்து, கடைசி நாற்பது பக்கத்தைக் காபி டப்பாவில் போட்டு மூடிவிடுவார். மீதியை நானும் அண்ணியும் படித்து, கொலையாளியின் பெயரைச் சீட்டில் எழுதி அதே டப்பாவில் போட வேண்டும். தோற்றவர் திங்கட்கிழமை குடிலைக் கழுவ ஓடையிலிருந்து பன்னிரண்டு வாளித் தண்ணீர் சுமக்க வேண்டும். பதினொரு வருடமாக அண்ணிதான் சுமக்கிறார்.

அவர் போனில் சொன்ன நாவலை இன்று கடையில் பிடித்துவிட்டேன். ஒரு மீன்பிடிக் கிராமத்தில் நடக்கும் கொலை நாவல் வரிசையில் ஒன்று. அட்டையில் பனி, சிவப்புக் குடில், ஒரு சொட்டு ரத்தம். கொன்றது பேருந்து ஓட்டுநர் எய்லெர்ட்.

ஒரு வாழ்த்து அட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே.

மார்ச் 21, வியாழன்

ஊர்ப் பத்திரிகையில் என் புத்தகப் பத்திக்காக ஒரு சரித்திர நாவலை முடித்தேன். பெர்கன் நகரம், 1740, கருவாட்டு வியாபாரியின் விதவை. அறுநூறு பக்கம். முந்நூறாம் பக்கம் வரை மீனே காயவில்லை. ஊரில் எல்லோருக்கும் முப்பத்திரண்டு பல்லும் இருப்பதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. ஆனால் அவள் செத்துப்போன புருஷனின் பூட்ஸை முதன்முதலாகக் காலில் மாட்டிப் பார்க்கிற இடம் இருக்கிறதே, அதை மூன்று முறை படித்தேன். பூட்ஸ் அவளுக்குச் சரியாக இருந்துவிடுகிறது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. எனக்குப் புல்லரித்தது.

"சற்றே நீளம்" என்று எழுதி அனுப்பினேன்.

மார்ச் 23, சனி

குடிலுக்கு வந்து சேர்ந்தோம். அண்ணிக்கு நவம்பரில் முழங்கால் மாற்றினார்கள் என்பது தெரியும். ஆனால் அவர் நடப்பதை இன்றுதான் பார்த்தேன். முப்பது வருடம் ஆடுகிற படகில் நின்று டிக்கெட் கிழித்த மனுஷி, இப்போது ஒரு படிக்கு ஒரு மூச்சு விடுகிறார். பனியில் நடக்க விடாமல், சாமான் இழுக்கும் சறுக்கு வண்டியில் உட்காரவைத்து ஒட்வார் இழுத்துவந்தார்.

"டேய், மெதுவாடா! நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?"

"மூட்டை இவ்வளவு பேசாதுக்கா."

காபி குடிக்கும்போது மெல்ல ஆரம்பித்தேன். "அண்ணி, இந்த வருஷம் தண்ணிப் பந்தயம் வேண்டாமே."

"ஏன், தோத்துடுவோம்னு பயமா? முழங்காலைத்தான் மாத்தினாங்க, மூளையை இல்ல. தோத்தா நானே சுமக்கிறேன். எவனும் எனக்குப் பாவம் பாக்க வேண்டாம்."

செய்வார். அந்தச் சரிவில், அந்தக் காலோடு, பன்னிரண்டு வாளி. வேறு யாரையும் தொட விடமாட்டார். அதனால் முடிவு செய்துவிட்டேன்: இந்த முறை அண்ணி ஜெயித்தாக வேண்டும். நான் தோற்கப்போகிறேன். இப்படி ஒரு தியாகியைக் கல்யாணம் செய்துகொண்டோம் என்பது ஒட்வாருக்குத் தெரியாது.

மார்ச் 24, ஞாயிறு

குடில் சுவரில் சாய்ந்து, வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு காதல் நாவல் படித்தேன். மாட்டு வைத்தியர் அவள், கலங்கரை விளக்கைக் காப்பவன் அவன். நூற்றெண்பதாம் பக்கத்தில்தான் கையையே தொடுகிறார்கள். அழுதுவிட்டேன். ஐம்பத்துமூன்று வயதில்! ஒட்வார் என்னவென்று கேட்டார். வெயில் என்றேன். உள்ளே போய் மூக்குக்குப் பூசும் களிம்பை எடுத்துவந்து மடியில் வைத்துவிட்டுப் போனார். இதையெல்லாம் காதல் நாவலில் ஒருத்தரும் எழுதுவதில்லை.

மார்ச் 27, புதன்

கொலை நாவல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆளைத் தெரிந்துகொண்டு படிப்பதில் ஒரு வசதி: எய்லெர்ட் பேருந்துக் கதவைத் திறந்தாலே எனக்குப் பிணவாடை அடிக்கிறது. நாவலாசிரியை எவ்வளவு நுட்பமாக ஒளித்துவைத்திருக்கிறாள் என்று பக்கத்துக்குப் பக்கம் சபாஷ் போடுகிறேன்.

மத்தியானம் அண்ணி கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு அந்தச் சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிற கிழவி மேலதான்டி சந்தேகம்."

அந்தக் கிழவி இரண்டே இடத்தில் வருகிறாள். கேக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

"அவளா? பாவம் அண்ணி, கேக் கொண்டுவர்றவ."

"கொண்டுவர்றா. ஒரு தடவையாவது உக்காந்து ஒரு துண்டு தின்னாளா பாரு."

இப்படியே விட்டால் அண்ணி தோற்றுவிடுவார். என்ன செய்ய? "அந்த பஸ் டிரைவரைக் கவனிச்சீங்களா? எப்பப் பாரு கையுறை."

"குளிருக்குப் போட்டிருப்பான்."

"மே மாசத்துலயா?"

"நம்ம ஊர்ல மே மாசமும் குளிரத்தான் செய்யுது." ஆனால் பழைய பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். மீன் தூண்டிலைக் கவ்விவிட்டது.

மார்ச் 28, வியாழன்

சீட்டுகள் டப்பாவுக்குள் போயாயிற்று. அண்ணி எழுதியதை எட்டிப் பார்த்தேன்: எய்லெர்ட். நான் எழுதியது ஆர்கன் கிழவி. இருப்பதிலேயே நிச்சயமாகத் தப்பான ஆள் அவள்தானே.

மார்ச் 29, வெள்ளி

நல்லவளாக இருப்பது இவ்வளவு சுலபமா! நான்கு ஆரஞ்சு தின்றேன்.

மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு

எங்கிருந்து தொடங்க?

கடைசி நாற்பது பக்கத்தை ஒட்வார் சத்தமாகப் படித்தார், வானிலை அறிக்கை வாசிக்கும் குரலில். அண்ணியின் முகத்தில் வரப்போகும் வெற்றிக்காக நான் புன்னகையைத் தயாராக வைத்திருந்தேன். முப்பதாவது பக்கத்தில் கிழவி ஆர்கன் மூடியைச் சாத்திவிட்டு, "கேக் எல்லாம் நான் சுட்டதுதான், விஷமும் நான் கலந்ததுதான்" என்றாள்.

ஒட்வார் நிமிர்ந்து பார்த்தார். அண்ணி நிமிர்ந்து பார்க்கவில்லை. டப்பாவிலிருந்து என் சீட்டை எடுத்துப் படித்தார்.

"என் ஆளு! என் ஆளைத் திருடிட்டு, எனக்கு டிரைவரைத் தள்ளிவிட்டியா நீ?"

"அய்யோ, இல்ல அண்ணி—"

"இத்தனை வருஷம் உன்னைக் கெட்டிக்காரின்னு நினைச்சேன். நீ கள்ளி."

எழுந்து வாளியைத் தேடினார். ஒரு கை மேசையில், ஒரு கை முழங்காலில். அந்தக் கையைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வாழ்த்து அட்டை, கடைசிப் பக்கம், பதினொரு வருடம். இந்த வருடம் வேண்டுமென்றே தோற்கப் பார்த்தது. டிரைவர்தான் என்று என் கண்ணால் படித்தது.

அண்ணி மறுபடி உட்கார்ந்தார். அடுப்பில் கட்டை வெடித்தது.

"பதினொரு வருஷம். வருஷத்துக்குப் பன்னெண்டு வாளி," என்றார் அண்ணி. "டேய் தம்பி, உனக்குத் தெரியுமா இது?"

"வீட்டுல வாழ்த்து அட்டை நிறைய இருக்கேன்னு பாத்தேன்," என்றார் ஒட்வார்.

அண்ணியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன். சிரிப்பு! கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏமாத்தினதுதான் ஏமாத்தினே, அதையாவது ஒழுங்காச் செஞ்சியா? கண்ணாடி போடாமப் படிச்சிருக்கே!"

அப்படித்தான் இருக்கும். வேறெப்படி டிரைவர் என்று படித்தேன்?

ஏப்ரல் 1, திங்கள்

பன்னிரண்டு வாளி. தோள் கழன்றுவிட்டது. அண்ணி வாசலில் போர்வையோடு உட்கார்ந்து எண்ணினார். "ஏழு! சிந்தாதே, சிந்தினா கணக்குல சேராது!" தண்டனை: இன்னும் பதினொரு வருடத்துக்கு நான்தான். ஓடைப் பக்கம் பனி உருகிச் சளசளத்தது, மூக்கில் வெயில். உண்மையைச் சொன்னால், இவ்வளவு நல்ல ஈஸ்டர் எனக்கு வாய்த்ததே இல்லை. இனிமேல் எந்த நாவலையும் முதல் பக்கத்திலிருந்துதான் படிப்பேன். சத்தியம்.

ஏப்ரல் 12, வெள்ளி

காலையில் அண்ணியின் போன். மனம் இரங்கிவிட்டாராம். அடுத்த ஈஸ்டரில் ஒரே ஒரு வாய்ப்பு: நேர்மையாக ஆடி ஜெயித்தால் மீதித் தண்டனை ரத்து. "நாவல்கூட இப்பவே வாங்கி வச்சுட்டேன். அதே கிராமம், அடுத்த கதை. இதைத் தொடலைன்னு சத்தியம் பண்ணு." பண்ணினேன். மனதாரப் பண்ணினேன்.

மாலையில் அந்தக் கடைப் பக்கம் போனேன். அடுக்கில் அந்த வரிசையின் இரண்டு நாவல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் பனி, சிவப்புக் குடில், ஒரு சொட்டு ரத்தம். ஒன்றில் தலைப்பு பச்சை எழுத்தில், அடுத்த கதையில் நீல எழுத்தில். நாங்கள் குடிலில் அறுத்துப் படித்தது பச்சை.

அன்று நான் வாழ்த்து அட்டைகளுக்குப் பின்னால் நின்று படித்தது நீலம்.