அப்பா போட்ட பூட்டு

அன்புள்ள பெரியவனுக்கு, கடல் நடுவே நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருந்தால் அதுவே போதும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லையடா. அப்பா வேலையில் மயங்கி விழுந்தவர் இன்னும் கண் திறக்கவில்லை, மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது, இனி எழுந்தால் அதிசயம்தான் என்கிறார் டாக்டர். உன் கப்பல் கரை சேர்ந்தால்தான் இது உன் கைக்கு வரும், அதற்குள் என்ன ஆகுமோ. ஊசி போட வரும் நர்ஸ் ஒவ்வொரு முறையும் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் போடவேண்டுமாம், பேச்சில்லாத மனிதரிடம் போய் உங்க பேர் என்னங்கிறாள். முதலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அப்புறம் அவருக்குப் பதில் நானே சொல்லிவந்தேன்.

உனக்குத்தான் தெரியுமே, வீட்டில் மிக்ஸி கழுவினாலும் பிளக்கைப் பிடுங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். பிஸ்கட் கம்பெனியில் மாவு பிசைகிற இயந்திரத்தைக் கழுவ அன்றும் சுவிட்சை அணைத்து, உள்ளே கை இருக்கும்போது யாரும் போட்டுவிடாதபடி அதன்மேல் தன் பூட்டைப் போட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார். விழுந்தது அதற்கப்புறம். அங்கே போட்டவர்தான் பூட்டைத் திறக்கவேண்டும், முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த சாவி என்னிடம் இருக்கிறது, கொண்டுபோய்த் திறங்கள் என்று வீடு தேடி வந்த சூப்பர்வைசரிடம் சொன்னேன். வேற கை படக்கூடாதும்மா, வெட்டத்தான் முடியும், அதுக்கும் அவர் இனி வேலைக்கு வரமாட்டார்னு வீட்ல ஒருத்தர் சொல்லணும், அதான் முறை என்றார். கட்டின புருஷனை நான் எந்த வாயால் அப்படிச் சொல்வேன்? போய்யா என்று கதவைச் சாத்திவிட்டேன். பாவம், அந்த சூப்பர்வைசர் என்ன செய்வார். அப்பாவோடு வேலை பார்ப்பவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், இயந்திரம் நின்றதில் அவர்களுக்கும் வேலை இல்லை, ஒரு வார்த்தை கேட்காமல் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பார், முறைன்னா முறைதாண்டி என்று.

இன்று காலை நானே போய்ச் சொல்லிவிட்டேன், அவர் வரமாட்டார் என்று. என் கண்ணெதிரே பூட்டை வெட்டினார்கள். மெஷின் உடனே ஓட ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் நர்ஸ் பெயரைக் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், உன் தங்கைதான் சொன்னாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. பதறி ஓடி வராதே, உன் வேலையை அடுத்தவனிடம் சரியாக ஒப்படைத்துவிட்டு வா, அப்பாவும் அதைத்தான் சொல்வார். நீ நல்லபடியாக இருக்கவேண்டும். சாவி என் கழுத்தில்தான் இருக்கிறது, கழற்ற மனசு வரவில்லை.

உன் அம்மா