காஹாங்கில் தேறிய மண்சுவர்

செவ்வாய், இரவு.

காஹாங் யோகா மையத்தின் மண்சுவர் பரிசோதனையில் தேறிவிட்டது. உறுதிசெய்தவர் நகராண்மைக் கழக இன்ஜினியர். மாலையில் நானே போன் செய்து கேட்டேன்.

கட்டடத்தை வரைந்தவள் என் மகள் கவிதா. அதனால் இந்தச் செய்தியை நிருபரான நான் பத்திரிகைக்கு எழுத முடியாது. இந்த டைரியில்தான் எழுத வேண்டும்.

தியானக் கூடத்துக்கு ஏர்கோன் வேண்டாம், அங்கேயே தோண்டிய செம்மண்ணை அடுக்கடுக்காக இடித்து இறுக்கிய தடித்த சுவரே போதும் என்றாள். சுவர் தேறாவிட்டால் உடைத்துவிட்டுச் செங்கல்லில் கட்ட வேண்டும் என்று உரிமையாளர் கறாராகச் சொல்லியிருந்தார்.

மதியம் அவள்தான் முதலில் அழைத்தாள்.

"அப்பா, சுவர் பாஸ் ஆயிடுச்சு."

"யாரு சொன்னா? எழுத்துல குடுத்தாங்களா?"

சிரித்தாள். "அலமாக், மகள்கிட்டயும் ஆதாரம் கேக்குறீங்களே. வேணும்னா இன்ஜினியர் நம்பர் தரேன், நீங்களே கேளுங்க லா."

நானும் நம்பரை எழுதிக்கொண்டேன். முப்பது வருடப் பழக்கம்.

இன்ஜினியர் மலாயில் பேசினார். "நம்பாமல் ஒரு ஆணி அடித்துப் பார்த்தேன். ஆணிதான் வளைந்தது. வரைந்தவர் உங்கள் மகளா?" என்றார். ஆமாம் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவரிடம் காட்டிய பெருமையை அவளிடம் காட்டவில்லை. அதுதான் தூங்கவிடவில்லை.

பாக்கி இரண்டு. தீயணைப்பு இலாகாவின் அனுமதிக் கடிதம். வெள்ளிக்கிழமை வரும் என்கிறார்கள். நான் அவளிடம் சொல்ல வேண்டிய சபாஷ்; காலை ஆறு மணிக்கு எழுந்துவிடுவாள்.