சோழவந்தான் வரை போன என் நாவல்

அன்புள்ள சத்யாவுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் டப்ளின் குளிரை ஒருவழியாகச் சமாளித்துச் சுகமாய் இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன், இங்கே ஆனையூரில் நானும் உன் அப்பாவும் அழகர் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், மாடிப்படி ஏறும்போது மட்டும் எனக்கு முழங்கால் வலிக்கிறது. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், இது அவரைப் பற்றிய சேதி.

என் நாவல் முந்நூறு பிரதி அச்சாகி வீட்டுக்கு வந்த அன்று அவர் முகத்தை நீ பார்க்கவில்லை. பிறந்த பிள்ளையை ஒன்பதாம் நாள் பறிகொடுத்தவள் அழகர் மேல் கோபப்பட்டு, சித்திரையில் அவரை வரவேற்கும் எதிர்சேவைக்கு ஊரே திரண்டு போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு பதினோரு வருஷம் உள்ளேயே இருந்த கதை, அது நம் வீட்டுக் கதை என்று அவருக்குத் தெரியாதா. உனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்ததையே நீ அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டாய். மூடி வைத்ததை எதற்கு ஊருக்குக் காட்டுகிறாய் என்றார், அவ்வளவுதான், சண்டைகூடப் போடவில்லை. கட்டுகள் எல்லாம் உன் கட்டிலுக்கடியில் போயின. ஒன்றையாவது நம் கடையில் வையுங்கள் என்றேன், பெயிண்ட் வாங்க வருகிறவன் புத்தகமா கேட்பான் என்று சொல்லிவிட்டார்.

எதிர்வீட்டு முத்துமீனாவுக்கு ஒன்று கொடுத்தேன், அவள் பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறாளே, அங்கே மேஜை மேல் வைத்திருந்தாளாம், மறுவாரம் தொலைத்துவிட்டேன் அக்கா என்று வந்து நின்றாள். அது தொலையவில்லை. பிள்ளையை இழந்து வெறுங்கையோடு வீடு திரும்பிய தமிழ்ச்செல்வி என்ற பெண் அதைப் பையில் வைத்துச் சோழவந்தானுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அவர்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால். இலை அடுக்குகிற பெண்கள் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்திருக்க, ஒருத்தி சத்தமாய் வாசிக்க, மற்றவர்கள் வேலையை நிறுத்தாமல் கேட்டிருக்கிறார்கள். கதையின் கடைசியில் அந்தத் தாய் அழகர் மலைக்குப் போய் எதையும் கேட்காமல் சாமி முன்னால் நின்றுவிட்டுத் திரும்புகிறாளே, அதற்கு அங்கே இரண்டு கட்சியாம். சாமி அவளைச் சமாதானப்படுத்திவிட்டார் என்று ஒரு கட்சி, அவள்தான் சாமியை மன்னித்தாள் என்று இன்னொரு கட்சி. எழுதும்போது நான்கூட இம்புட்டு யோசிக்கவில்லை. அவர்கள் சொல்லி வாடிப்பட்டியிலும் அலங்காநல்லூரிலும் புத்தகம் கேட்க ஆரம்பித்தார்கள், பின்னட்டையில் என் நம்பர் இருப்பதால் போன் ஓயவில்லை, உன் கட்டிலுக்கடியில் இப்போது ஒரு கட்டுகூட இல்லை.

போன செவ்வாய்க்கிழமை தமிழ்ச்செல்வியின் வீட்டுக்காரர் சிவனாண்டி புத்தகம் வாங்க வருவதாகச் சொன்னார், வீடு தெரியாது என்றதால் கடைக்கு வழி சொன்னேன். மதியச் சாப்பாட்டோடு நான் போவதற்குள் அவர் வந்துவிட்டார். உள்ளே பேச்சுக் கேட்டுப் படியிலேயே நின்றேன். பிள்ளை போனதிலிருந்து அழவே அழாத தன் மனைவி, இந்தப் புத்தகத்தைக் கேட்ட அன்றுதான் வாய்விட்டு அழுதாள், அழுத பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இது எங்கள் வீட்டில் நடந்தது என்று முத்துமீனா சொல்லியிருப்பாள் போல, அப்புறம் தயங்கிவிட்டு, "அண்ணே, கதையில அந்தப் பிள்ளைக்குப் பேரே இல்லையே. நெசத்துலயும் வைக்கலையா?" என்று கேட்டார்.

உன் அப்பா தராசில் ஆணி போட்டுக்கொண்டிருந்தார், கை அப்படியே நின்றுவிட்டது. முப்பத்தாறு வருஷமாக என்னிடமே அந்தப் பேச்சை எடுக்காதவர், ஏதாவது சொல்லி அந்த மனுஷனை அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். "முப்பதாம் நாள் வைக்கிறதா இருந்துச்சு. ஆஸ்பத்திரியில மொதமொத தூக்குனப்பவே நான் சுந்தருன்னு கூப்பிட்டுட்டேன். அவளுக்குத் தெரியாது" என்றார். சிவனாண்டி கிட்டே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சுந்தர் என்றால் சுந்தரராசன், அழகர்தானே, நான் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த அத்தனை வருஷமும் இவர் அந்தப் பெயரை மனதுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். உள்ளே போனதும் என் முகத்தைப் பார்த்தார், கேட்டுட்டியா என்றார், ஆமாம் என்றேன். சிவனாண்டியையும் உட்கார வைத்து மூன்று பேரும் அந்தச் சாப்பாட்டைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம்.

மறுநாளே உன் அப்பா அச்சகத்துக்குப் போய் இன்னும் ஐந்நூறு பிரதிக்குச் சொல்லிவிட்டு வந்தார். முதல் பக்கத்தில் 'சுந்தருக்கு' என்று போடச் சொன்னதும் அவர்தான், என்னைக் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தின் மாதிரித் தாள் நேற்று வந்தது, எழுத்து சின்னதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். நேற்று உப்புத்தாள் வாங்க வந்த ஒருவரிடம் எங்க வீட்டம்மா நாவல் எழுதியிருக்கு என்று கால்மணி நேரம் கதை சொல்லி, அவர் பெயரை முன்பதிவாக எழுதிக்கொண்டார், நீ பார்த்திருக்க வேண்டும். வருகிற ஞாயிறு சோழவந்தானில் கட்சிகட்டின பெண்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவரும் கூட வருகிறார், சட்டையை இப்போதே இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார்.

வெயில் இல்லாத ஊர், டாக்டர் சொன்ன மாத்திரையை விடாமல் போடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அழகர் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். அப்பாவிடம் நீயாக எதுவும் கேட்காதே, அவரே சொல்வார். சொல்லும்போது நீயும் உன் அண்ணன் பெயரை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லு, அவர் கேட்கட்டும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
அன்னக்கொடி